துணியால் கட்டிய மூன்றாவது மாடி

அலுவலகத்தில் எனக்கு விடைகொடுத்த நாளில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஊரார் வீட்டு வரைபடங்களைப் பார்த்து, “இங்கே சன்னல் போதாது, அங்கே படி செங்குத்தாயிருக்கிறது” என்று ஓயாமல் பேசிய வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கேக் தின்ன உட்கார்ந்துவிட்டேன்.

வரைபடப் பிரிவு இளைஞர்கள் விடுவதாயில்லை. ஜொகூர் பாருவின் பழைய கடைத்தெருக்களில் புதிதாக எதைக் கட்டினாலும் இப்போது அச்சடித்த படிவம் ஒன்றை நிரப்பவேண்டும். முகப்பு எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு சாய்வு, பக்கத்துக் கட்டடத்தோடு எப்படி ஒட்டுகிறது என்று வரிசையாகக் கேள்விகள். “இந்த ஃபாரம் வர்றதுக்கு முந்தி எப்படிங்க பாத்தீங்க? கண்ணாலயே அளந்தீங்களாமே. எழுதிக் குடுங்க” என்றார்கள்.

கண்ணால் மட்டுமா அளந்தோம்? காலால் அளந்தோம், வயிற்றால் அளந்தோம், ஒரு முறை சுருள் சுருளாக வெள்ளைத் துணியாலும் அளந்தோம். அந்தத் துணி சமாச்சாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன். முன்கதையைச் சுருக்கிவிடுகிறேன்.

செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் என் அப்பா கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. என்னையும் கிராணியாக்கத்தான் இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பினார். நான் ரப்பர்ப்பால் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் கங்காணியின் வீட்டைக் கோடு பிசகாமல் வரைந்து வைத்ததைப் பார்த்துவிட்டு, இவன் தோட்டத்துக்கு ஆகமாட்டான் என்று ஜொகூர் பாருவுக்கு ரயிலேற்றிவிட்டார். அங்கே கட்டட வரைபடங்களுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் நகலெடுப்பவனாகச் சேர்ந்தேன். பளபளப்பான துணித்தாளில் மசியால் கோடிழுக்க வேண்டும். கோடு முடியும்வரை மூச்சு விடக்கூடாது. ஆறு வருடம் அப்படி மூச்சடக்கிய பிறகு, வெளியே போய்க் கட்டடங்களைப் பார்க்கும் ஓவர்சியராக்கி என்னை இஞ்சே யாக்கோப்பிடம் ஒப்படைத்தார்கள்.

இஞ்சே என்பது மலாயில் ஐயா என்பதுபோல. யாக்கோப் எங்கள் கட்டடப் பிரிவின் மேற்பார்வையாளர். உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் கூடுதல், அகலமும் அதற்குக் குறைவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். தலையில் கறுப்புச் சொங்கோக் தொப்பி, கையில் எப்போதும் ஒரு குடை. மழை பெய்தாலும் அதை விரிக்கமாட்டார். சுவரைத் தட்டிப் பார்க்கவும் தூரத்தைக் காட்டவும்தான் அந்தக் குடை.

புது வரைபடம் ஒன்று வந்தால் மற்ற அதிகாரிகள் முதலில் அதைப் பிரிப்பார்கள். இவர் பிரிக்கமாட்டார். சுருளை அப்படியே கக்கத்தில் செருகிக்கொண்டு, “ஜலான் டூலு, தம்பி” என்பார். முதலில் நடப்போம் என்று அர்த்தம். கட்டப்போகும் இடத்துக்கு இரண்டு பக்கத்திலும் இருக்கும் கடைகளுக்குள் நுழைந்து, அவர்கள் கொடுப்பதைக் குடிப்பார். சீன மருந்துக்கடையில் செவ்வந்திப்பூ கஷாயம், அடுத்த கடையில் கோப்பி, அதற்கடுத்ததில் சர்பத். தன் கையால் நமக்குக் குடிக்கக் கொடுத்தவன், மனசில் இருக்கும் குறையை அங்கேயே சொல்லிவிடுவான், பிறகு மேலிடத்துக்கு மனு எழுதமாட்டான் என்பது அவர் கணக்கு. நானும் கூடவே குடிக்கவேண்டும். ஓவர்சியர் வேலையின் முதல் மாதத்தில் என் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

குடித்து முடித்ததும் அஞ்சடிக்கு வருவார். கடைவீடுகளின் முன்னால், மேல்மாடிக்குக் கீழே, ஐந்தடி அகலத்தில் விடும் நடைபாதைக்கு எங்கள் ஊரில் அஞ்சடி என்று பேர். தெருவின் ஒரு முனையில் மழைக்கு ஒதுங்கினால், நனையாமல் மறுமுனைவரை போய்விடலாம். புதிதாகக் கட்டுகிறவர் தன் கடைக்கு முன்னால் மட்டத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் அந்த நடை அறுந்துபோகும். யாக்கோப் அதற்கு அளவுகோல் வைத்துப் பார்ப்பதில்லை. “கண்ணை மூடு. நட” என்பார். அவ்வளவுதான் சோதனை.

நான் முதல்முறை தனியாகப் பார்த்துச் சரி சொன்ன கட்டடம் ஒன்று. வரைபடத்தில் எல்லா எண்ணும் சுத்தம். கட்டி முடித்ததும் யாக்கோப் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணை மூடச் சொன்னார். பெருமிதமாக மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். புதுக் கடையின் வாசலில் கால் தடுக்கி, அடுத்த கடைக்காரர் பரப்பியிருந்த கருவாட்டுக் கூடைக்குள் முகம் புதைய விழுந்தேன். யாக்கோப் குனிந்து பார்த்தார்.

“எத்தனை அங்குலம்?”

“நாலு, இஞ்சே.”

“சரியா சொன்னே” என்று என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

அந்தத் தளத்தை உடைத்து மறுபடி போட்டார்கள். அன்றைக்கு என் மனைவி என்னைக் கிணற்றடியைத் தாண்டி வீட்டுக்குள் விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த அஞ்சடியிலும் நான் நாலு அங்குலத்தைத் தவறவிட்டதில்லை.

இப்படி நாங்கள் நிதானமாகக் குடித்தும் நடந்தும் வந்த காலத்தில்தான் சிங்கப்பூரோடு ஊரைச் சேர்க்கும் பாலம் கடலுக்குக் குறுக்கே போடப்பட்டது. அதோடு ஜொகூர் பாருவுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. படகுக்குக் காத்திருந்த ஜனங்கள் மோட்டாரில் போனார்கள், வந்தார்கள். போனவர்கள் எல்லாரும் அங்கே பார்த்த சிமெண்டுக் கட்டடங்களைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு திரும்பினார்கள். ஒருவருக்குத் தூண் வேண்டும், ஒருவருக்குக் கோபுரம் வேண்டும், சோப்பு வியாபாரி ஒருவருக்கு முகப்பில் இரண்டு சிங்கம் வேண்டும். பழைய தெருக்களோ இரண்டு மாடி, ஓட்டுக்கூரை, மரச்சன்னல், ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நிற்பதுபோலச் சாய்ந்து நிற்பவை. அந்த வரிசைக்கு நடுவில் இதையெல்லாம் எப்படி நுழைப்பது? எனக்கோ ஒரே ஆனந்தம். காலையில் எழுந்தால் எந்தக் கடையில் என்ன வரப்போகிறதோ என்று கால் தரையில் பாவாது. அந்த ஆனந்தத்தில்தான் வாயை விட்டேன்.

மரைக்காயர் நாகூர்க்காரர். கடைத்தெருவின் நடுவில் அவருடைய துணிக்கடை. கறையான் அரித்து ஒரு பக்கம் இறங்கிவிட்ட பழைய கடைவீட்டைப் பிரித்துப்போட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தில் தற்காலிகமாகக் கடை வைத்திருந்தார். சிங்கப்பூரில் வரைந்த ஒரு வரைபடத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மூன்று மாடி. கீழே கடை, நடுவில் சரக்கு, மேலே குடும்பம். உச்சியில் கிரீடம்போல ஒரு சுவர், அதில் பிறையும் நட்சத்திரமும் அவர் பெயரும்.

“ஏழு வருசமா ஊட்டுக்காரியும் ரெண்டு பொண்ணுங்களும் நாகூர்ல இருக்காங்க தம்பி. சரக்கு மூட்டைக்கு நடுவுல நான் படுத்துக்கலாம், அவங்கள எங்க படுக்க வைக்கிறது? அதான் மேல ஒரு மாடி.”

வரைபடம் அவ்வளவு அழகாக இருந்தது. கோடுகள் முடிபோல மெலிசு. நான் மயங்கிவிட்டேன். “இதுல என்ன முதலாளி இருக்கு? தாராளமா பாஸாயிடும்” என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவர் என்னைத் தெருவில் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் பல். “கடிதாசி போட்டுட்டேன் தம்பி. நாகூர் ஊட்டை மச்சானுக்கு விட்டுக் குடுத்துட்டு, வருசக் கடைசிக் கப்பல்ல வந்து சேரச் சொல்லிட்டேன். நீங்க சொன்ன வார்த்தைதான்.”

 இஞ்சே யாக்கோப் இன்னும் அந்தத் தெருவில் நடக்கவே இல்லை.

மறுநாள் நடந்தார். காலி மனைக்கு வடக்கே மருந்துக்கடையில் கஷாயம் குடித்தோம், அங்கே குறை எதுவும் இல்லை. தெற்கே ஆ செங்கின் போட்டோ ஸ்டூடியோ. ஆ செங் ஒல்லியான மனிதர், பேசும்போதே நாம் எந்தப் பக்கம் திரும்பினால் நன்றாக இருப்போம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். கோப்பியோடு எங்களை மாடிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு மூலையில் அவர் மனைவி, போட்டோ எடுத்த கண்ணாடித் தகடு ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே வைத்து, மெல்லிய தூரிகையால் யாருடைய முகத்திலிருந்தோ அம்மைத் தழும்புகளை நீக்கிக்கொண்டிருந்தார்.

ஆ செங் மேலே கைகாட்டினார். மாடியின் பின்பகுதியில் ஓட்டைப் பிரித்து, வடக்கே பார்த்துச் சாய்வாகக் கண்ணாடி பதித்திருந்தார். அந்த வெளிச்சத்தில்தான் படம் எடுக்கிறார். பக்கத்துக் கடைவீடு இரண்டு மாடியாக இருந்தவரை கண்ணாடிக்கு எதிரே வானம் இருந்தது. மூன்றாவது மாடி எழுந்தால் சுவர்தான் இருக்கும்.

“இந்தக் கண்ணாடி இருட்டாச்சுன்னா நான் கடையை மூடிட்டுப் போகவேண்டியதுதான்” என்றார் மலாயில். அவர்கள் பேசியதையெல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன்.

“எங்க போறது?” என்றார் அவர் மனைவி, தூரிகையை நிறுத்தாமல். “மலாக்காவுல உங்க அம்மா வீட்டுக்கா? நான் வரல.”

சீனப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. குடும்பம் குடும்பமாகப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு படமெடுக்க வரும் காலம். ஆ செங் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கீழே இறங்கி அஞ்சடியில் கொஞ்ச தூரம் போனதும் யாக்கோப்பிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நின்றார்.

“பாஸாயிடும்னு சொன்னியா?”

“சொன்னேன், இஞ்சே.”

“நான் நடக்கறதுக்கு முந்தி?”

“ஆமா.”

“அந்தம்மா வீட்டை விட்டுக் குடுத்துட்டாங்களா?”

“இந்நேரம் விட்டிருப்பாங்க.”

“அலமாக்” என்றார் மெதுவாக, மலாயில் ஐயையோ என்பதுபோல. குடையால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார். “தம்பி, இனிமே குடிக்க மட்டும் வாயைத் திற.”

அதைவிடக் கடுமையாக அவர் என்னைத் திட்டியதில்லை, அதுவே எனக்குப் பத்து நாள் உறைத்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. கையெழுத்துப் போடவேண்டிய பெரிய துரை, அலுவலகத்தின் தலைமை எஞ்சினியர், பன்னிரண்டு நாளில் நீண்ட விடுப்பில் கப்பலேறுகிறார். புதிதாக வருகிறவர் பழைய கோப்புகளைத் தொட மாதக்கணக்காகும். அதற்குள் வருசக் கடைசிக் கப்பலே வந்துவிடும்.

காலி மனையில் சிமெண்டுப் பீப்பாய் ஒன்றின்மேல் வரைபடத்தை விரித்துக்கொண்டு நால்வரும் நின்றோம். மரைக்காயர் தன் கனவைத் தலைகீழாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திருப்பி வைத்தேன். ஆ செங் தன் கண்ணாடி எங்கே என்று தேடினார். அது பக்கத்து மனையாதலால் வரைபடத்தில் இல்லவே இல்லை.

யாக்கோப் சொன்னார்: “எனக்கு ரெண்டு கவலை. தெருவிலேருந்து பாத்தா இந்த மூணாவது மாடி வரிசைக்கு மேல துருத்திக்கிட்டு நிக்கும். அதைப் பின்னாடி தள்ளிக் கட்டினா தெருவுக்கு நல்லது. ஆனா பின்னாடி தள்ளத் தள்ள அது ஆ செங் கண்ணாடிக்கு நேரே வந்து நிக்குது. எவ்வளவு தள்ளுனா யாருக்கு என்ன ஆகும்னு இந்தக் காகிதத்துல தெரியல.”

“கட்டிப் பாத்தாத்தான் தெரியும்” என்றார் மரைக்காயர் அலுப்போடு.

குடிக்க மட்டும் வாயைத் திறக்கச் சொல்லியிருந்தது எனக்கு மறந்துபோயிற்று. “கட்டிப் பாத்துடலாம், முதலாளி. மூங்கில்ல சாரம் கட்டி, சுவர் வர்ற இடத்துல எல்லாம் துணியை இழுத்துக் கட்டுவோம். வேணாம்னா பின்னாடி தள்ளுவோம். உங்ககிட்ட துணி இருக்குதில்ல?”

மரைக்காயர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “துணிக்கடைக்காரன்கிட்ட கேக்கற கேள்வியா தம்பி இது?”

யாக்கோப் என்னைப் பார்க்கவேயில்லை. ஆனால் அவர் குடை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. சந்தோஷம் வந்தால் அது அப்படித்தான் ஆடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தொடங்கினோம். சாரம் கட்டும் சீனத் தொழிலாளிகள் நாலு பேர், ஒரு ஆணிகூட இல்லாமல் மூங்கிலை மூங்கிலோடு கட்டிக்கொண்டே பூனைபோல ஏறினார்கள். மரைக்காயர் எதிர்க்கடையிலிருந்து வெள்ளை லாங்கிளாத் சுருள்களைத் தோளில் சுமந்து வந்தார். வேலையாள் தூக்க வந்தபோது விடவில்லை. முன்பக்கத்துக்கும், ஆ செங்கின் பக்கம் பார்த்த தெற்குச் சுவருக்கும் துணி. அளவு சொல்ல நான் மேலே ஏறினேன்.

முப்பதடிக்கு மேலே, கட்டப்படாத ஒரு மாடியில், மூங்கிலைக் காலால் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே ஓட்டுக்கூரைகள் சிவப்பாகச் சரிந்து கிடந்தன. அதற்கப்பால் பளபளவென்று நீர், அதன் நடுவில் புதுப்பாலம், பாலத்தில் புகைவிட்டுக்கொண்டு போகும் ரயில். வடகிழக்குக் காற்று வந்து துணியில் புகுந்ததும் மூன்றாவது மாடி முழுக்கப் புடைத்து, பிறகு உள்வாங்கி, மறுபடி புடைத்தது. கட்டடம் சிரிக்கிறது என்று தோன்றியது. நானும் சிரித்தேன். மூங்கில் குலுங்கியது. பக்கத்தில் இருந்த சாரக்காரர் என் இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு ஏதோ வசைபாடினார். எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

ஒன்பது மணிக்குள் தெருவே எதிர் அஞ்சடியில் கூடிவிட்டது. ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்கள். சர்பத் விற்பவர் இடம்பிடித்துக் கடை விரித்துவிட்டார். வரைபடத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத அத்தனை பேருக்கும், துணியைப் பார்த்ததும் பேச்சு வந்துவிட்டது.

“மேல கிரீடம் வேணாம் லா, மத்த கடையெல்லாம் குட்டையாத் தெரியுது.”

“சன்னல் பக்கத்துக் கடைச் சன்னலோட சேரல. ஒரு முழம் இறக்கு.”

இறக்கினோம். சேர்ந்தது. கூட்டத்தில் கைதட்டினார்கள். யாக்கோப் எதிர் அஞ்சடியில் ஒரு தூணில் முதுகைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, குடையை நீட்டிக் கூரைகளின் வரிசையைப் பார்த்தார்.

“பின்னாடி” என்றார்.

மூன்றாவது மாடியின் முன்துணியையும் அதோடு சேர்ந்த தெற்குத் துணியையும் இரண்டடி பின்னால் நகர்த்தினோம். “இன்னும்.” நாலடி. “இன்னும்.” எட்டடி போனபோது கிரீடம் பாதி மறைந்தது. மரைக்காயரின் முகத்திலிருந்த சிரிப்பும் பாதி மறைந்தது. பதினாலடியில், தெருவில் நின்று பார்த்தால் மூன்றாவது மாடி இருக்கும் இடமே தெரியவில்லை. பழைய வரிசை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உடையாமல் ஓடியது.

“நிறுத்து” என்றார் யாக்கோப்.

கூட்டம் ஆரவாரித்தது. நான் மேலிருந்து எட்டிப் பார்த்தேன். துணிச்சுவர் ஆ செங்கின் கண்ணாடிக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில், முழுதாக நின்றுகொண்டிருந்தது. நாங்கள் தெருவைக் காப்பாற்றிவிட்டோம், அந்த மனிதருடைய பிழைப்பை மூடிவிட்டோம். என் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

ஆ செங் காலையிலிருந்து கீழே வரவேயில்லை. மாடியில் சத்தமும் இல்லை. நான் இறங்கி வந்து யாக்கோப்புக்குப் பக்கத்தில் நின்றேன். மரைக்காயரும் வந்து நின்றார். மூன்று பேரும் ஸ்டூடியோ வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் உள்ளே போகத் துணிவில்லை.

கடைசியில் அவர் மனைவிதான் வெளியே வந்தார். தூரிகை காதில் செருகியிருந்தது.

“யாரும் துணியை அவிழ்க்கக்கூடாது” என்றார்.

“ஏன்மா?” என்று கேட்டார் யாக்கோப்.

“உள்ள ஒரு குடும்பம் உக்காந்திருக்கு. ஒன்பது பேர். பாட்டியோட முகச்சுருக்கம் ஒவ்வொண்ணும் தெரியுது. இத்தனை வருசத்துல இப்படி ஒரு வெளிச்சம் வந்ததில்ல. அவரு பைத்தியம் பிடிச்ச மாதிரி தகடு தகடா எடுத்துத் தள்றாரு.”

மாடிப்படியில் நாங்கள் மூவரும் முட்டிமோதிக்கொண்டு ஏறினோம். அறை பால் ஊற்றியதுபோல இருந்தது. தை மாதம், சூரியன் தெற்கே சாய்ந்திருந்தான். தெற்கு வெயில் முழுவதும் மரைக்காயரின் வெள்ளைத் துணியில் விழுந்து, அங்கிருந்து திரும்பி, கண்ணாடி வழியாக மெத்தென்று உள்ளே இறங்கியது. வானம் கொடுத்ததைவிடச் சுவர் அதிகம் கொடுத்தது. ஆ செங் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, தன்னையும் அறியாமல் எங்களை இடதுபக்கம் திரும்பச் சொன்னார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் தெருவில் மோட்டார் ஹாரன் கேட்டது. பெரிய துரை. மேட்டிலிருந்த தன் பங்களா வராந்தாவில் காலைச் சிற்றுண்டிக்கு உட்கார்ந்தவர், கடைத்தெருவில் நேற்றில்லாத மூன்று மாடிக் கட்டடம் ஒன்று நிற்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். முகம் சிவந்திருந்தது. நாங்கள் இறங்குவதற்குள் அவர் கீழ்த்தளச் சுவரை நோக்கி நடந்து, கைத்தடியால் ஓங்கித் தட்டினார். தடி உள்ளே போய்விட்டது. பின்னாலேயே அவரும் பாதி போனார். தெரு முழுவதும் மூச்சடக்கி நின்றது.

துணிக்குள்ளிருந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். “யாக்கோப், இதற்கு யார் அனுமதி கொடுத்தது?”

“இன்னும் யாரும் கொடுக்கல, துவான். அதனாலதான் துணி” என்றார் யாக்கோப்.

துரையின் மீசை ஒருமுறை துடித்தது. பிறகு எதிர் அஞ்சடிக்குப் போய், யாக்கோப் சாய்ந்த அதே தூணில் சாய்ந்து பார்த்தார். மாடிக்கு ஏறி அறையைப் பார்த்தார். எஞ்சினியர் அல்லவா, சரியான கேள்வியைக் கேட்டார்: “ஜூன் மாதம் சூரியன் வடக்கே போய்விடுமே. அப்போது இந்தச் சுவரில் வெயில் விழாது. அப்போது என்ன செய்வீர்கள்?”

நான் ஆ செங்குக்கு மொழிபெயர்த்தேன். 

“ஜூன்ல வெயில் நேரா கண்ணாடியில எறங்கும். எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கிட்டுத்தான் உக்காருவாங்க. வருசா வருசம் நான் உள்ள திரை கட்டுவேன்” என்றார் ஆ செங். “இனிமே அந்த வெயிலை இந்தச் சுவரு மறைச்சுக்கும். திரை மிச்சம்.”

துரை கண்ணாடி வழியாகத் துணியைக் காட்டினார். “சுவர் சிமெண்டு நிறத்தில் இருந்தால்?”

“இருட்டிடும். வெள்ளையா இருக்கணும். எப்பவும்.”

எல்லாரும் மரைக்காயரைத் திரும்பிப் பார்த்தோம். பாவம், காலையிலிருந்து அவருக்குக் கிரீடம் போயிற்று, மூன்றாவது மாடியில் பதினாலடி போயிற்று. அவர் கீழே இறங்கிப் போய்ச் சாரத்தின் ஏணியில் ஏறி, அந்தப் பதினாலடி இடத்தில் சாரப்பலகைமேல் போய் நின்றார். கூரையில்லாத திறந்த மாடியாக அது வரப்போகிறது. அங்கிருந்து பாலமும் நீரும் தெரிந்தன. நாங்களும் தெருவுக்கு வந்து அண்ணாந்து நின்றோம்.

“நாகூர்ல எங்க ஊட்டு மொட்டைமாடியிலேருந்து கடல் தெரியும் தம்பி” என்று மேலிருந்தே என்னிடம் சொன்னார். “அவ சாயங்காலம் அங்கதான் இருப்பா. இங்க கடல் கிடையாதேன்னு யோசிச்சிட்டே இருந்தேன்.” பிறகு துரைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: “வருசா வருசம் நோன்புப் பெருநாளைக்கு முந்தி நானே சுண்ணாம்பு அடிச்சுடுறேன். எழுதிக்குங்க. பேரை மட்டும் ரெண்டாவது மாடி நெத்தியில போட்டுக்க விடுங்க.”

யாக்கோப் அனுமதித்தார். துரை அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து விடுப்புக்கு முன் ஒரு படம் எடுத்துக்கொண்டார். தகடு மாற்றும் இடைவெளியில், மடியில் அனுமதித் தாள்களை வைத்துக் கையெழுத்துப் போட்டார். நிபந்தனைகளை நான்தான் எழுதினேன். தெற்குச் சுவர் என்றென்றும் வெள்ளையாக இருக்கவேண்டும் என்று எங்கள் அலுவலகக் கோப்பில் இருப்பது அந்த ஒரு கட்டடத்துக்குத்தான். முழங்காலில் வைத்து எழுதியதால் அந்த ‘என்றென்றும்’ கொஞ்சம் கோணல்.

துணியை அவிழ்க்க ஆ செங் விடவில்லை. புத்தாண்டு முடியட்டும் என்று கெஞ்சினார். மூன்று வாரம் அந்தத் துணிக் கட்டடம் தெருவில் நின்றது. சிங்கப்பூரிலிருந்துகூட வந்து பார்த்தார்கள். மழை வந்து நனைத்தது, வெயில் காய வைத்தது. அவிழ்த்த பிறகு மரைக்காயர் அதைத் தோய்த்து வெட்டிக் கட்டட வேலைக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒன்று வெகுநாள் இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ கட்டடம் பார்த்தேன். பெரிய அரங்கு, பாங்கு, நாலு மாடி ஓட்டல். வாயைக் கட்டக் கற்றுக்கொண்டேன், ஓரளவு. ஆனால் சாரம் ஏறிய அந்தக் காலையைப்போல வயிற்றுக்குள் காற்றடித்த காலை இன்னொன்று கிடைக்கவில்லை.

வருசக் கடைசிக் கப்பல் வந்தது. சிங்கப்பூரில் இறங்கிய குடும்பத்தை மரைக்காயர் மோட்டாரில் பாலத்தைத் தாண்டி அழைத்துவந்தார். சுண்ணாம்பு காய்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அழைக்காமலே யாக்கோப்பும் நானும் எதிர் அஞ்சடியில் போய் நின்றுகொண்டோம், ஏதோ வேலையிருப்பதுபோல. அந்த அம்மா, பெயர் சுலைகா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வண்டியிலிருந்து இறங்கினார். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு மூட்டையோடு பின்னால் நின்றார்கள். அந்த அம்மா தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். தன் வீட்டைப் பார்த்தார். ஒருமுறை விரலால் எண்ணினார்.

“ரெண்டு மாடிதானே இருக்கு” என்றார் கணவரிடம். “மூணு மாடின்னு கடிதாசியில எழுதுனீங்களே, மூணாவது எங்க? அத நம்பித்தானே ஊட்டை விட்டுக் குடுத்துட்டு வந்தேன்.”

மரைக்காயர் சிரித்துக்கொண்டே மூட்டைகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த அம்மா இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

யாக்கோப் என் தோளைத் தொட்டார். “என்ன சொன்னாங்க?”

மலாயில் சொன்னேன்.

அவருடைய குடை மேலும் கீழும் ஆடத் தொடங்கியது. “இன்னொரு தடவை சொல்லு, தம்பி” என்றார்.

சொன்னேன். அலுவலகம் போய்ச் சேருவதற்குள் நாலு தடவை சொல்லச் சொன்னார்.